தூக்கிப் பிடித்த துடுப்புகள்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகலாமா என்று யோசிக்கிறது. மற்றபடி எல்லா உறுப்புகளும் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன.

உன் பார்சல் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் மாடியேறி வந்து, "என்ன டீச்சர் இவ்வளவு கனம்? பரீட்சை பேப்பரா? ரிட்டயர் ஆனப்புறமும் விடலியா உங்கள?" என்று கேட்டார். "என் தம்பி என் புத்தகத்தைப் படமா எடுக்கிறான், அதோட திரைக்கதை" என்றேன். "எந்தப் புத்தகம், 'விளக்கணைந்த தீவு'தானே? அத நான் அஞ்சாவதுல படிச்சேனே! அந்த நத்தைப் பொண்ணு படத்துல உண்டா?" என்றார். நின்ற இடத்திலேயே கலங்கரை விளக்கம் வரைக்கும் கதை சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அந்தத் தெருவுக்கெல்லாம் அன்று தபால் தாமதம். பழி உன்மேல்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது, பழக்கதோஷம். முதல் காட்சியில் விளக்கு அணைவதும் கடல் முழுக்க ஒரே நொடியில் கறுத்துப் போவதும் நான் எழுதியதைவிட நன்றாக வந்திருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு நாய் இருபதாம் பக்கத்தில் படகுக்குள் குதிக்கிறது. கோபம் வந்தது. நாற்பதாம் பக்கத்துக்குள் எனக்கே அதைப் பிடித்துவிட்டது. இருக்கட்டும்.

அறுபத்தோராம் காட்சிக்கு வருகிறேன்.

நான் எழுதியதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் வாத்தியார் புத்தி, திரும்பச் சொல்கிறேன். விளக்குக்காரர் காய்ச்சலில் கிடக்கிறார். விளக்குக்குப் புதுக் கண்ணாடி எடுத்துக்கொண்டு நாலு பிள்ளைகள் படகில் போகிறார்கள். பனிமூட்டம். தீவுக்குள் நுழைய மூன்று வாய்க்கால்கள், இரண்டில் பாறை. எது சரி என்று தெரிந்தவள் விளக்குக்காரரின் மகள் நத்தை மட்டும்தான். அவள் படகின் முன்முனையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கழியைப் பிடித்துப் பாறைகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். துடுப்புப் போடுகிற மூவருக்கும் அவள் முதுகுப்பக்கம். கைகாட்ட வழியில்லை, குரல்தான் உண்டு. அவளுக்கோ திக்கும். சரியான வாய்க்காலின் பெயர் 'மணல்வாய்', அது அவள் வாயில் சிக்கிக்கொள்கிறது. மூவரும் துடுப்புகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். அவள் சொல்கிறாள். படகு திரும்புகிறது.

நீ எழுதியது இது: 'நத்தை எழுந்து நிற்கிறாள். இசை. தங்குதடையின்றி, கணீரென்ற குரலில்: மணல்வாய்! எல்லாரும் மணல்வாய்ப் பக்கம் திருப்புங்க! நண்பர்கள் வியப்பில். கண்ணீர். இசை உயர்கிறது.'

புத்தகம் வந்த நாளிலிருந்து நாற்பத்து மூன்று வருஷமாகத் திக்குகிற பெண் உன் ஒரே ஒரு பனிமூட்டத்தில் குணமாகிவிட்டாள். அவ்வளவு நல்ல மருந்தென்றால் பாட்டிலில் அடைத்து விற்கலாமே. ஒரு உதாரணம் சொல்கிறேன். கணக்கில் விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் நான் மதிப்பெண் போட்டதில்லை. உன் படகு கரை சேர்கிறது, விடை சரி. வழி தப்பு.

மொத்தத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு. அறுபத்தோராம் காட்சிக்குச் சுழியம்.

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறாய், முதன்மைப் பாத்திரங்களில் செய்யும் மாற்றங்களுக்கு ஆசிரியரின் சம்மதம் என்று. அதில் இரண்டு எழுத்துப் பிழை. திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது, மறந்ததால் அல்ல.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எழுபத்திரண்டா! உன்னிடம் நான் வாங்கியதிலேயே இதுதான் அதிகம். சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். நாய்க்கு நீ சம்மதித்ததை நாயிடம் சொன்னேன், வாலை ஆட்டியது.

இங்கே வேலை நெருப்பாக நடக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை எடுத்து, நடுவில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். புகைபோடும் இயந்திரம் நான்கு. படகு செய்கிற தச்சர் புத்தகத்தைப் படித்துவிட்டு, "சார், அம்மா எழுதியிருக்கிற அளவுல படகு செஞ்சா நாலு பேரு ஏறுனதும் முழுகிடும். ஒரு முழம் கூட்டியிருக்கேன், கோச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். கோபிக்க மாட்டாய் என்று நானே சொல்லிவிட்டேன்.

இனி அறுபத்தொன்று. அது என் யோசனை இல்லை, தயாரிப்பாளருடையது. எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று நெஞ்சார ஆசைப்படுகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், இது குடும்பத்தோட வர்ற படம். பாக்க வந்தவன் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும். திக்குவாய்ப் பொண்ணு திக்குவாயாவே வீட்டுக்குப் போச்சுன்னா அவன் எதுக்குங்க வந்தான்?"

நான் சரி என்றேன்.

என் கடைசி இரண்டு படமும் ஒரு வாரம் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும். இதுவும் போனால் எனக்கு இன்னொரு படம் கிடையாது. அதைவிட முக்கியமாக, உன் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எதுவுமே நடக்கவில்லை, அக்கா. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான். படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பலாம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் திருப்பப் பக்கம் இல்லை. அது வகுப்பறை இல்லையே, பிரம்பைக் காட்டி உட்காரவைக்க.

மார்ச் 14 படப்பிடிப்பு. கையெழுத்துப் போட்டு அனுப்பு. எழுத்துப் பிழையைத் திருத்திய தாளிலேயே போடு, பரவாயில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

நான் பிரம்பு வைத்திருந்ததில்லை. அதை முதலில் பதிவு செய்கிறேன். தச்சரிடம் என் நன்றியைச் சொல். நாற்பத்து மூன்று வருஷமாக முழுகவேண்டிய படகிலா பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன்!

நேற்று உங்கள் அலுவலக மேனேஜர் வந்தார், ஒரு கூடைப் பழத்தோடு. கீழ்வீட்டுத் தையற்காரியும் துணைக்கு ஏறி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, ஒரு சின்னக் கையெழுத்து."

"சின்னதா போட எனக்குத் தெரியாதுங்களே. என் கையெழுத்து கொஞ்சம் நீளம்."

"ஹி ஹி. அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானேம்மா பண்றோம்? குணமாக்குறோம்."

"அவளுக்கு நோய்னு யாரு சொன்னா உங்ககிட்ட?"

அவர் தாளை எடுத்து நீட்டினார். தையற்காரி விடவில்லை. "ஏங்க, உங்களுக்கு முன்வழுக்கை. படம் முடியறப்ப முடி வளர்ந்துட்டாத்தான் உங்கள நல்லவருன்னு ஒத்துப்பாங்களா?" என்று கேட்டாள். பாவம், மனிதர் தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஆரஞ்சை மட்டும் தையற்காரி எடுத்துக்கொண்டாளாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

என் மரப்பெட்டியில் வாசகர் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியது, அவளுக்கும் திக்கும். மருந்துப் பெயர்களை மாற்றிச் சொல்ல முடியாது, இருக்கிற பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். அதனால் தினமும் சிக்கிக்கொள்கிறாள். 'நத்தைக்குக் கடைசியில் சரியாகியிருந்தால் அந்தப் புத்தகத்தை அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பேன், டீச்சர். சரியாகாமலே படகைத் திருப்பினாள். அதனால்தான் கல்லாப் பெட்டிக்குக் கீழே இன்னும் வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். அவளிடம் போய் உன் முதலாளியைக் கேட்கச் சொல், நீ எதற்கு வந்தாய் என்று.

முதலாளிக்குத் தெரியாது, விட்டுவிடுவோம். உனக்குமா தெரியாது? நத்தை யார் நாக்கில் பிறந்தவள்? பத்து வயதில் நீ 'ம' என்று தொடங்கி அதற்குமேல் போக முடியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாய். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன். ஊரிலுள்ள அக்கா தம்பிகள் தொலைபேசியில் பேசிக்கொள்ள, நாம் இந்த வயதிலும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருப்பது எதனால்? உனக்கு எப்படி மனசு வந்தது?

சம்மதம் கேட்டிருக்கிறாய். என் பதில்: முடியாது. முதலாளிக்கும் முடியாது, உனக்கும் முடியாது. வேண்டுமானால் என் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எடுத்துவிட்டு, தீவுக்குப் பதில் மலையும் படகுக்குப் பதில் வண்டியும் போட்டு நீயே ஒரு கதை எழுதிக்கொள். நாயை வைத்துக்கொள், உன்னுடையது.

உன் அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

நீ எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறாய், முடியாது என்று. எழுதுவதுபோலவேதான் சொல்லவும் செய்வாய்.

எனக்கு அந்த வார்த்தை வராது. உனக்கே தெரியாது, யாருக்கும் நான் சொன்னதில்லை. 'சரி' வழுக்கிக்கொண்டு வரும். அதனால் ஐம்பத்து மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் சரி சொல்லி வாழ்ந்திருக்கிறேன். பிடிக்காத கதைக்குச் சரி, பிடிக்காத நடிகருக்குச் சரி, வீட்டை மாற்றச் சரி. படப்பிடிப்பில் விசில் வைத்திருக்கிறேன். தொடங்க ஒன்று, நிறுத்த இரண்டு. மற்றதைத் துண்டுச்சீட்டில் எழுதித் துணை இயக்குநரிடம் கொடுப்பேன், அவர் படிப்பார். விசில் டைரக்டர் என்று எனக்குப் பட்டமே உண்டு. அது ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

உன் புத்தகத்தில் மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் அழுகிறார்கள். நான் அழுததில்லை, ஏன் தெரியுமா? நீ காத்திருந்ததே இல்லை.

கடைக்காரர் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் நீ சொன்னாய். கண்டக்டர் எங்கே என்றால் நீ சொன்னாய். பதிவு அலுவலகத்தில், மாப்பிள்ளை பேர் என்ன என்று பதிவாளர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், நீ சொன்னாய். "கல்யாணம் இவருக்கா, உங்களுக்காம்மா?" என்று அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்குத் திக்காது.

இதெல்லாம் போகட்டும். ஐந்தாம் வகுப்பு. நீதான் டீச்சர். நாற்பத்திரண்டு பேர். தினமும் வருகைப்பதிவு எடுப்பாய். பதினாறு, உள்ளேன் டீச்சர். பதினேழு, உள்ளேன் டீச்சர். பத்தொன்பது.

பதினெட்டு நான். என் எண்ணை மட்டும் நீ ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, புள்ளி வைத்துவிட்டு, பத்தொன்பதுக்குப் போய்விடுவாய். வீட்டில் கண்ணாடி முன்னால் நான் தினமும் 'உள்ளேன் டீச்சர்' சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன். 'உ' எனக்கு அவ்வளவு மோசமில்லை. மூன்றில் இரண்டு முறை வந்துவிடும். இன்றைக்குக் கூப்பிடுவாய் என்று நினைத்துக்கொண்டு பதினைந்திலிருந்தே மூச்சை இழுத்து வைத்திருப்பேன். ஒரு வருஷம் முழுக்க இழுத்து வைத்த மூச்சு அக்கா அது. பின்பெஞ்சுக்காரன் என்னை 'இல்லாதவன்' என்றுதான் கூப்பிட்டான்.

அதனால் நத்தை கணீரென்று பேசட்டும் என்று நினைத்தேன். யாரும் அவளுக்குப் பதில் பேசவேண்டாத மாதிரி, யாரும் அவளைத் தாண்டிப் போகாத மாதிரி. முதலாளி சொன்னது ஒரு சாக்கு. எனக்கே அது வேண்டியிருந்தது.

எப்படி மனசு வந்தது என்று கேட்டாய். இப்படித்தான்.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. எழுதாமல் இல்லை, நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் என் பக்கத்து நியாயம் இருந்தது. நான்காவதில் அழுகை இருந்தது. இரண்டும் உனக்கு உதவாது.

நீ சொன்னது நடந்தது. பதினேழு, பத்தொன்பது. இன்றைக்கும் அந்த வகுப்பின் பெயர்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியும், நேற்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு தானாகவே உன்னைத் தாண்டிப் போனது. அவ்வளவு பழக்கம்.

அதை நமக்குள் ஒரு ரகசியம் என்று நினைத்திருந்தேன். நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் என்ன ரகசியம்? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன். அதுவும் பொய். நீ சிக்கிக்கொண்டு நிற்கும்போது எனக்குத் தாங்காது. நெஞ்சு அடைக்கும். அந்த வார்த்தையை நான் சொல்லிவிட்டால் எனக்கு மூச்சு வரும். உனக்காக இல்லை, எனக்காகவே சொன்னேன். வகுப்பில் செய்யத் தைரியம் இல்லாததை வீட்டுக்கு வந்து புத்தகத்தில் எழுதினேன். அந்த மூன்று பிள்ளைகள் நான் அல்ல, நான் ஆகியிருக்க வேண்டியவர்கள். ஊரெல்லாம் அதற்காக என்னைப் பாராட்டியது. நானும் நாற்பத்து மூன்று வருஷம் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல் இதற்குப் போதாது, ஆனாலும் என்னிடம் வேறு சொல் இல்லை. என்னை மன்னித்துவிடு.

இனி அடுத்தது. இதைச் சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பாய், சொல்லிக்கொள்.

கையெழுத்து கிடையாது.

ஒருவன் செய்த தப்புக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை எழுந்து நிற்கச் சொல்லலாமா? தப்புச் செய்தவள் நான், தண்டனையை எனக்குக் கொடு. என்மேல் உள்ள கோபத்துக்கு அவள் நாக்கைச் சரிசெய்யாதே. அவளைக் கணீரென்று பேசவைத்தால் நீயும் நான் செய்ததையே செய்கிறாய். அவளுக்குப் பதிலாக நீ பேசுகிறாய். அவள் எண்ணைத் தாண்டிப் போகிறாய்.

இன்னொன்று. உன் கடிதங்கள் நாற்பது வருஷத்துக்கானவை என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு இருக்கும். போன கடிதத்தில்தான் முதல்முறையாகச் சிரிப்பே இல்லை. அதுதான் நீ எழுதியதிலேயே நல்ல கடிதம். அந்தக் கோபம் முழுவதையும் என்மேலேயே செலவழித்துவிடாதே, கொஞ்சம் மிச்சம் வை. உனக்கு அது வேறிடத்தில் தேவைப்படும்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

படப்பிடிப்பு முடிந்தது. மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கையெழுத்து இல்லாததால் புத்தகத்தில் உள்ளபடியே எடுத்தாக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். முதலாளி, "சரி, எடுங்க. எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

நத்தையாக நடிக்கும் பெண்ணுக்குப் பதினோரு வயது. நிறுத்தாமல் பேசுவாள். யூனிட்டில் அவளுக்கு எஃப்.எம். என்று பெயர். ஒத்திகையில் படகில் படுத்துக்கொண்டு, "ம-ம-ம-ம-மணல்வாய்" என்று காமெடிப் படத்தில் வருவதுபோலச் சொன்னாள். லைட் பிடிக்கிறவர்கள், கேமராக்காரர், எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் குஷி. நான் இரண்டு விசில் அடித்தேன்.

"தப்பா மாமா? அப்ப நெஜமா எப்படி வரும்?" என்றாள்.

துணை இயக்குநர் சீட்டுக்காகக் கையை நீட்டினார். என்னத்தை எழுதுவது அக்கா, அதைச் சீட்டில் எழுத முடியுமா?

பேன்ட்டை மடித்துக்கொண்டு தொட்டியில் இறங்கிப் படகில் ஏறினேன். அவள் பக்கத்தில் படுத்தேன். விசிலைக் கழற்றிக் கீழே வைத்தேன். 'மணல்வாய்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

உனக்குத் தெரியும். ம-ம-ம என்று வராது. எதுவுமே வராது. உதடு ஒட்டிக்கொள்ளும். வார்த்தை கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. சுற்றிலும் எண்பது பேர். யாரும் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறதென்று அவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ. பின்னால் இருந்த மூன்று பிள்ளைகளும், நான் எதுவும் சொல்லாமலே, துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உன் பக்கத்தை நூறு தடவை படித்திருப்பேன், அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது.

வந்தது. சொன்னேன்.

அந்த வாயாடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எனக்கும் இப்படித்தான் வேணும்" என்றாள். ஒரே டேக். முப்பத்தெட்டு விநாடி.

முதலாளி திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன செகண்டு சார் இது?"

"முப்பத்தெட்டு" என்றார் துணை இயக்குநர்.

"படம் நின்னுபோச்சுன்னு ஆபரேட்டரத் திட்டுவாங்க. ஏழு செகண்டு வெச்சுக்கலாம். கடைசில டாக்டர்கிட்ட காட்டிச் சரியாகுற மாதிரி குட்டியா ஒரு சீன், சம்மதத்த நான் எப்படியாவது வாங்கிக்கிறேன். என்ன சார்?"

எல்லாரும் என் சரிக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். உடம்பெல்லாம் ஈரம்.

"மு..." என்றேன்.

"முடிச்சிரலாம்ங்கிறீங்க. நல்லது."

தலையை ஆட்டினேன். "மு..."

"முதல்லேருந்து எடுக்கணுமா? ஒரு நாள் கூட ஆகுமே."

"சார்!" என்று படகிலிருந்து எஃப்.எம். கத்தினாள். "அவர் பேசிட்டிருக்காரு. இருங்க."

முதலாளி வாயை மூடிக்கொண்டார். பிறகு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, யாரும் எண்ணவில்லை. நான் சொல்லி முடித்தேன்.

முடியாது.

என் வாழ்க்கையில் முதல்முறை. சொன்ன சுகத்தில் இன்னொரு தடவையும் சொன்னேன். இரண்டாவது அதைவிட நேரமானது.

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். எடிட்டிங்கில் கடைசி வார்த்தை அவருடையது. வெட்டினால் நான் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. தெரியும்வரை உனக்கு எழுத மாட்டேன், கோபிக்காதே.

தம்பி


ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

நான்கு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. காத்திருந்து பழகிக்கொள்கிறேன்.

சிறப்புக் காட்சிக்கு உன் அலுவலகம் அழைப்பு அனுப்பியது. போகவில்லை. கைதட்டவே வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு உண்மை தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்குத் தையற்காரியோடு போனேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு, எல்லாரையும் போல. சுவரொட்டியில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனேன். முன் வரிசையில் ஒரு அப்பா, மடியில் ஆறு வயது இருக்கும் பெண். பின்னால் கல்லூரிப் பிள்ளைகள், வந்ததிலிருந்து கிண்டல்தான்.

நாய் வந்தபோது தியேட்டரே கத்தியது. தையற்காரி என்னை இடித்து, "இது உங்க நாயா, தம்பி நாயா?" என்றாள்.

பிறகு பனிமூட்டம். நத்தை வாயைத் திறந்தாள்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு வரைக்கும் எண்ணும்போது என் கை நாற்காலிப் பிடியை உடைத்திருக்கும். எட்டு. வெட்டவில்லை. ஒன்பது, பத்து. பின்னாலிருந்து ஒருவன் "சொல்லித் தொலைம்மா" என்றான். யாரோ இருமினார்கள். பதினைந்து. உன்னிடம் ஒரு உண்மை சொல்கிறேன், தம்பி. நானே எழுதிய பக்கம். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். இவ்வளவு பட்ட பிறகும், பதினாறாம் விநாடியில் என் உதடு தானாக மூடி 'ம' சொல்லத் தயாராகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். தையற்காரி பயந்துபோய் மாத்திரை வேண்டுமா என்று கேட்டாள்.

இருபத்தைந்தில், உன் முதலாளி சொன்னது அப்படியே நடந்தது. முன் வரிசை அப்பா திரும்பிப் பார்த்து, "ஆபரேட்டர்! படம் நின்னுபோச்சு!" என்று கத்தினார்.

மடியிலிருந்த பெண் அவர் முகத்தைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பினாள்.

"நிக்கலப்பா. தண்ணி சொட்டுது பாருங்க."

அதற்குப் பிறகு தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பின்னாலிருந்த பையன்கள்கூட. முந்நூறு பேர் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முப்பத்தெட்டில் அவள் சொன்னாள்.

கைதட்டலைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை, நாளிதழ்கள் எழுதும். எழுதாவிட்டாலும் போகட்டும். இரண்டாவது வாரம் ஓடுமோ ஓடாதோ எனக்குத் தெரியாது. வெளியே வரும்போதுதான் சுவரொட்டியை நிமிர்ந்து பார்த்தேன். உன் பெயர் இருந்தது.

அறுபத்தோராம் காட்சிக்கு மதிப்பெண் போடவில்லை. அதைத் திருத்துகிற தகுதி எனக்கு இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. நாற்பது வருஷமாக நீ எழுதியது போதும். எழுதச் சொல்லிச் சொல்லியே உன் குரலைக் கேட்காமல் தப்பித்துக்கொண்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டில் ஃபோன் அடிக்கும். நான்தான். எடுக்க விருப்பமில்லை என்றால் எடுக்காதே, அதுவும் உன் பதில்தான். அடுத்த ஞாயிறும் அடிக்கும். எடுத்தால், நலமா என்று கேட்க மாட்டேன். முழங்காலைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு எண்ணைக் கூப்பிடுவேன்.

பதினெட்டு.

கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எவ்வளவு நேரமானாலும் சரி, பத்தொன்பதுக்குப் போக மாட்டேன்.

உன் அக்கா